மழுங்கத் தொடங்கிய சவரக்கத்தி: கல்லா, பேஸ்டா, வெறும் தோல்வாரா?

நொய்யல்காரன் (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் சோலிங்கன் (ஜெர்மனி) முத்திரையுள்ள ஒரு பழைய மடக்குச் சவரக்கத்தி இருக்கிறது. அகலம் 6/8 அங்குலம், ஃபுல் ஹாலோ (இரு பக்கமும் ஆழமாகக் குடைந்து மெல்லிதாக்கியது), கார்பன் ஸ்டீல். விற்றவரே தீட்டித்தான் அனுப்பினார். வந்த புதிதில் கன்னத்தில் ஓடுவதே தெரியாது. ஆறு மாதமாகத் தினமும் இதில்தான் சவரம். இப்போது சில வாரமாகச் சுணக்கம். கன்னம் பரவாயில்லை, மோவாயிலும் மேலுதட்டிலும் முடியைப் பிடித்து இழுக்கிறது. முடித்துவிட்டுப் படிகாரம் தடவினால் கழுத்து எரிகிறது. முன்பு எரிந்ததில்லை.

கையில் இருப்பவை: கொக்கியில் மாட்டும் தோல்வார், அதன் பின்புறம் கேன்வாஸ் துணி. நானிவா (ஜப்பான்) கம்பெனியின் சூப்பர் ஸ்டோன் 12000 கல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தண்ணீர் படவில்லை. 1000, 5000 கற்கள் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) எதுவும் இல்லை. வாரில் பூசித் தீட்டும் பச்சை பேஸ்ட் வாங்கச் சொல்லி ஒரு நண்பர் சொல்கிறார். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

மஞ்சள்கல்

முதலில் வீட்டில் கேட்டதற்குப் பதில்: சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவர் தொழிலில் குறை இல்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சக்கரம் சரியான கருவி. ஃபுல் ஹாலோ கத்தியில் கூர் பக்கத்து இரும்பு அவ்வளவு மெல்லியது, நகத்தால் அழுத்தினாலே வளைந்து கொடுக்கும். சுழலும் கல் பட்ட நொடியில் அங்கே சூடேறும். இந்த வகை ஸ்டீலைக் கடைசியாகப் பதப்படுத்துவது ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில். அதற்கு மேல் போனால் பதம் இறங்கிவிடும். நீலம் பாய்ந்திருந்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இரும்பை முழுக்க அரைத்து எடுத்தாலொழிய அங்கே கூர் நிற்காது.

அடுத்து உங்கள் கேள்வி. இந்தக் கத்திக்கு இப்போது தேவை கூர் போடுவது அல்ல, ஏற்கெனவே இருக்கும் கூரைத் தட்டி எழுப்புவது. இரண்டும் வேறு வேலை. 1000 கல்லில் தொடங்கி மேலே ஏறுவது முதல் வேலைக்கு. உங்களிடம் அந்தக் கல் இல்லாததே நல்லது, இருந்திருந்தால் கை அதற்குப் போயிருக்கும். ஆறு மாதம் ஓடிய கத்தியில் இழப்பு ஒரு மைக்ரான் இரண்டு மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு 1000 கல்லில் ஏற்றினால் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய இரும்பு ஒரு மாலையில் சேறாகப் போய்விடும்.

கல்லைத் தொடும் முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, ஜன்னல் பக்கம் நின்று கூரை மேல்நோக்கிப் பிடித்து, வெளிச்சம் நேராக விளிம்பில் விழும்படி மெல்லச் சாயுங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது, கறுப்பாகவே தெரியும். மின்னுகிற புள்ளியோ கோடோ எங்கே இருக்கிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு, முன்கை முடி. தோலுக்கு ஐந்து ஆறு மில்லிமீட்டர் உயரத்தில் கத்தியை மெல்ல ஓட்டுங்கள். தோலில் படக் கூடாது. முடியின் நுனி தானாக அறுந்து விழ வேண்டும். அடிப்பகுதி, நடு, நுனி மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கத்தி எப்போதும் ஒரே சீராக மழுங்குவதில்லை.

மூன்று, உங்கள் தோல்வாரின் நடுவில் தொய்வு எவ்வளவு? கத்தியை எப்படித் திருப்புகிறீர்கள்?

அடைப்பம் (மதுரை)

மஞ்சள்கல் அண்ணன் சொன்ன மூணாவது கேள்விதான் என் கண்ணுல முதக் கேள்வி. நூத்துக்கு எண்பது கத்தி கல்லுக்குப் போக வேண்டியதே இல்ல, வாருலயே திரும்பிரும்.

எங்க அப்பா சவரத் தொழில்ல இருந்தவரு. அவரு அடைப்பத்துல, அதாவது தொழில் பையில, ரெண்டு கத்தி, உள்ளங்கை அகலத்துல ஒரு வழவழப்பான கல்லு, ஒரு துண்டு வாரு, கிண்ணம், படிகாரம், அவ்வளவுதான் இருக்கும். ஆளு உக்காந்து முகத்துல தண்ணி போட்டு ஊற விட்ருவாரு. அது ஊறுற நேரத்துல கத்திய எடுத்து வாருல போடுவாரு, கடைசியா உள்ளங்கையில நாலு தடவை. கல்ல எடுக்கிறது எப்பவாவதுதான். அந்தக் கல்லுல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு அவரு கத்திய ஓட்டும்போது சத்தமே கேக்காது. எனக்குச் சொல்லிக் கொடுத்தப்பவும் ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு: கத்தியோட கனம் போதும், உன் கனத்த அதுல ஏத்தாத.

உள்ளங்கையில தீட்டுறத யாரும் பாத்துட்டு உடனே செஞ்சிறாதீங்க. கூரு பின்னால வரணும், முதுகு முன்னால போகணும், திருப்புறப்ப முதுகு கையவிட்டு எழும்பவே கூடாது. பழகாத ஆளுக்குக் கை கிழிஞ்சிரும். வாரே போதும்.

வாருல பண்ற தப்பு எல்லாம் திரும்புற இடத்துலதான் நடக்குது. முனைக்குப் போய்ட்டு கத்திய அப்படியே நிமித்தித் தூக்கித் திருப்பினா, அந்த ஒரு கணத்துல கூரு தோலுல நட்டமா நிக்கும். அங்கதான் அது மடங்குது. முதுகத் தோலுல வச்சுக்கிட்டே அதுமேல உருட்டித் திருப்பணும். வேகம் வேணாம். சினிமாவுல காட்டுற மாதிரி பட்டு பட்டுன்னு அடிக்கிறதுல ஒண்ணும் இல்ல.

வூப்பர்கரை (ஜெர்மனி)

நான் இருக்கிறது வூப்பர்டால், சோலிங்கன் பக்கத்து ஊர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். இந்தக் கத்தியள் பிறந்த இடம் எண்டதால அடிக்கடி போய் வருவன். கிரேஃப்ராத் பகுதியில கத்திகளுக்கெண்டே ஒரு மியூசியம் இருக்கு. வூப்பர் ஆத்துக்கரையில பால்க்ஹவுசர் கோட்டன் எண்டு, தண்ணிச் சக்கரத்தால கல்லைச் சுத்தி அலகு தீட்டின பழைய பட்டறையையும் காப்பாத்தி வச்சிருக்கினம். சோலிங்கன் எண்ட பேரை அந்த ஊர்ல செய்யாத சாமானில போடக்கூடாதெண்டு 1938லயே சட்டம் வந்திட்டுது. ஆனபடியால் உங்கட கத்தியில அந்த முத்திரை உண்மையா இருந்தால் ஸ்டீலைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ.

நான் பாவிக்கிறது நீங்கள் சொன்ன அந்தப் பச்சை பேஸ்ட்தான். குரோமியம் ஆக்ஸைடு, அரை மைக்ரான். ஒரு தனித் துணிவாரில மெல்லிசாப் பூசி வச்சிருக்கிறன். இழுவை தொடங்கினால் அதில பத்துத் தரம், பிறகு வெறும் தோலில ஐம்பது தரம். அவ்வளவுதான், அடுத்த நாள் சவரம் நல்லா இருக்கும். கல்லைப் பழகிற மட்டும் ஒரு புது ஆளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை எண்டது என்ர எண்ணம். கடைசித் தோலில பேஸ்ட் பூசக்கூடாது, அது எப்பவும் சுத்தமா இருக்கவேணும்.

மஞ்சள்கல்

வூப்பர்கரை சொல்வது வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. எனக்கு இருக்கும் தயக்கம் நீண்ட காலத்துக்கானது. தோலும் துணியும் அமுங்கும் பொருள்கள். கத்தி அதன் மேல் போகும்போது அமுங்கி, பின்னாலேயே எழுந்து கூரின் முகத்தைச் சுற்றி உரசும். ஒவ்வொரு முறையும் கூரின் கடைசி ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு, கோணம் விரியும். முதல் தடவை அருமையாக இருக்கும், ஐந்தாவது ஆறாவது தடவையில் பேஸ்ட் போட்டும் பழைய கூர் வராது. அப்போது கல்லுக்குப் போனால், உருண்ட பகுதியை எட்டுவதற்கே நிறைய அரைக்க வேண்டியிருக்கும்.

கல் தட்டை, அமுங்காது. முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்கும், அதனால் கோணத்தை உங்கள் கை முடிவு செய்வதில்லை, கத்தியின் அமைப்பே முடிவு செய்கிறது. 19 மில்லிமீட்டர் அகலமும் 5.3 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்திக்கு அது 16 டிகிரி. சமையலறைக் கத்தியைத் தீட்டுவதை விட இது எளிது என்று நான் சொல்வது இதனால்தான்.

பேஸ்ட் போடுவதென்றால் சுத்தமான குரோமியம் ஆக்ஸைடு வாங்குங்கள். பாலிஷ் பட்டறைகளில் விற்கும் பச்சைக் கட்டியில் வேறு தூள்களும் மெழுகும் கலந்திருக்கும், துகள் அளவு ஒரே சீராக இருக்காது. பாத்திரத்துக்குப் போதும், முகத்துக்குப் போதாது.

நுண்ணோக்கி

உலோகவியல் படித்தவன் என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். கத்தி ஏன் மழுங்குகிறது என்பதற்கு நாம் பொதுவாகச் சொல்லும் காரணம், கூர் தேய்ந்து உருண்டு போகிறது என்பது. 2020ல் அமெரிக்காவின் எம்ஐடியில் டாசன் குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தே முடியை பிளேடால் வெட்டிப் படம் எடுத்தார்கள். முடி அந்த ஸ்டீலை விட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் விளிம்பிலிருந்து துணுக்குகள் பெயர்ந்தன. மூன்று நிலைமைகள் ஒன்றுகூடினால் அது நடக்கிறது: முடி நேராக நிற்காமல் வளைந்து சாய்ந்து வெட்டுப்படுவது, அந்த இடத்தில் ஸ்டீலின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாமல் இருப்பது, முடி படும் இடம் அந்தச் சீரற்ற அமைப்பின் பலவீனமான புள்ளியில் அமைவது.

அவர்கள் சோதித்தது கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் பிளேடு. நம் கார்பன் ஸ்டீல் கத்தி அப்படியே அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொதுப் பாடம் பொருந்தும். துணுக்கு பெயர்ந்த இடத்தை வெறும் தோல் நிரப்பாது. தோல் சுத்தம் செய்யும், மடங்கியதை நேராக்கும், அவ்வளவே. ஒரு கட்டத்துக்கு மேல் சிறிதளவு இரும்பை எடுத்தே ஆக வேண்டும். அதைக் கல்லால் எடுப்பதா பேஸ்டால் எடுப்பதா என்பதுதான் நீங்கள் இருவரும் பேசுவது.

இன்னொன்று, முடியை நன்றாக ஊறவிடுங்கள். ஈரமான முடியை வெட்டக் குறைந்த விசை போதும். அடைப்பம் அண்ணனின் அப்பா முகத்தில் தண்ணீர் போட்டுக் காத்திருந்தது கத்தியைக் காப்பாற்றுகிற வேலையும்தான்.

அடைப்பம் (மதுரை)

ஆமா தம்பி, காஞ்ச முடியில கத்திய வைக்கவே மாட்டாரு. வெளியூருக்குக் கெளம்பற அவசரத்துல வர்றவங்ககிட்டகூட, உக்காருங்க, ஊறட்டும்பாரு.

நொய்யல்காரன் (கோவை)

எல்லாருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளிச்சத்தில் பிடித்தபோது அடிப்பகுதி கறுப்பு. நடுவில் இரண்டு இடத்தில் மணல் மாதிரி மினுக்கம். நுனியில் ஒரு விரல்நகம் அகலத்துக்குத் தொடர்ந்து ஒரு வெள்ளிக் கோடு. லென்ஸில் பெரிய உடைசல் எதுவும் தெரியவில்லை, துருவும் இல்லை. முன்கை முடியை அடிப்பகுதி அறுக்கிறது, நடு சில முடியை மட்டும், நுனி எல்லாவற்றையும் வளைத்துவிட்டுப் போகிறது. மேலுதட்டுக்கு நான் பயன்படுத்துவது நுனியைத்தான், ஆகவே கணக்குச் சரியாக வருகிறது.

தோல்வாரை இறுக்கிப் பிடித்து, அடைப்பம் அண்ணன் சொன்னபடி முதுகில் உருட்டித் திருப்பி, கேன்வாஸில் முப்பது, தோலில் அறுபது போட்டேன். நடுவில் இருந்த மினுக்கம் ஒன்று போய்விட்டது. கன்னமும் கழுத்தும் தெளிவாக முன்னேறியிருக்கின்றன. படிகாரம் எரியவில்லை. நுனி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே கல்லை எடுக்கலாமா?

மஞ்சள்கல்

எடுக்கலாம். நுனியில் கோடு தொடர்ச்சியாக இருந்தால் அது வாரில் தீராது.

நானிவா சூப்பர் ஸ்டோன் ரெசினில் பிடித்த கல். ஊறப்போட வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்தால் போதும். புதுக் கல்லே ஆனாலும் தட்டையா என்று பாருங்கள்: பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக விரித்து அதில் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் தட்டை. நடுவில் கோடு தங்கினால் அங்கே பள்ளம், மறையும் வரை தேயுங்கள். ஓரங்களை லேசாக உருட்டிவிடுங்கள், கூர்மையான ஓரம் கத்தியைக் கீறும்.

பிறகு மிக முக்கியமான வேலை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். அழியாத மார்க்கரால் கூரின் இரு பக்கச் சரிவிலும் மை பூசுங்கள். காய்ந்ததும் கல்லில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு இழுப்பு. வாருக்கு நேர்மாறாக, இங்கே கூர் முன்னால் போகும், முதுகு பின்னால் வரும். லென்ஸில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ கல் அங்கேதான் தொடுகிறது. கூரின் கடைசி ஓரம் வரை மை போயிருந்தால் தொடரலாம். போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

வூப்பர்கரை (ஜெர்மனி)

மஞ்சள்கல் அண்ணை, ஒரு கேள்வி. உங்கட பெயருக்கேத்த மாதிரி நீங்கள் பாவிக்கிறது பெல்ஜியக் கொட்டிக்கூல்தானே? நானிவாவோட ஒப்பிட்டால் எப்பிடி?

மஞ்சள்கல்

ஆமாம், அதேதான். பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பகுதி, வீல்சாம் சுற்றுவட்டாரத்தில் வெட்டி எடுப்பது. வெளிர்மஞ்சள் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும், அரைப்பது அவைதான். கல்லைத் தேய்த்துச் சேறு எழுப்பிவிட்டால் வேகமாக அரைக்கும், வெறும் தண்ணீரில் மிக நிதானமாகப் பளபளக்க வைக்கும். ஆகவே ஒரே கல்லில் பல வேலை. அதில் முடித்த கூர் முகத்துக்கு இதமாக இருக்கும். தொங்கும் தலைமுடியைக் கூரில் வைத்து அறுந்து விழுகிறதா என்று பார்க்கும் சோதனையில் அது சில சமயம் தோற்கும், ஆனால் சவரத்தில் குறை தெரியாது. இதனால்தான் அந்தச் சோதனையை நான் கடைசி வார்த்தையாக எடுப்பதில்லை. நானிவா 12000 இன்னும் கூர்மையாக, கொஞ்சம் கறாராக முடிக்கும். தொடங்குகிறவருக்கு நானிவாவே நல்லது. இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுபாவம், பழக நாளாகும்.

நொய்யல்காரன் (கோவை)

நிறுத்திவிட்டு எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். கல் தட்டைதான், கோடுகள் ஒன்றாக மறைந்தன. மை பூசி ஒவ்வொரு பக்கமும் ஒரு இழுப்பு. லென்ஸில் பார்த்தால், சரிவின் பின்பாதியில் மை சுத்தமாகப் போய்விட்டது. கூரை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு அடியிலிருந்து நுனி வரை அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இன்னும் ஒரு முறை மை பூசி இழுத்தும் அதே கோடு. கல் கூரைத் தொடவே இல்லை.

நுண்ணோக்கி

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முழு நீளத்துக்கும் என்றால் கை அசைந்ததாக இருக்க முடியாது.

மஞ்சள்கல்

நொய்யல்காரன், உங்களுக்கு விற்றவர் முதுகில் டேப் ஒட்டித் தீட்டியிருக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

விளக்கமாகச் சொல்கிறேன், இது பலரைக் குழப்பும் இடம். பழைய கத்தியின் முதுகு கல்லில் தேயாமல் இருக்க, அதன்மேல் எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டித் தீட்டுவது பலருக்குப் பழக்கம். டேப்பின் தடிமன் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.3. உங்கள் கத்தியின் முதுகு 5.3 என்றால் டேப்போடு 5.6. கோணம் 16லிருந்து 17 டிகிரி ஆகிவிடும். ஒரு டிகிரிதான். ஆனால் டேப் இல்லாமல் கல்லில் வைத்தால் கத்தி ஒவ்வொரு பக்கமும் அரை டிகிரி தாழ்ந்து படுக்கும், சரிவின் பின்புறம் மட்டும் உரசும், கூர் கல்லுக்கு மேலே அந்தரத்தில் போகும். இப்படியே நூறு தடவை இழுத்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கல் சரியில்லை, கத்தி சரியில்லை என்று கடைசியில் அழுத்தத் தொடங்குவோம். ஃபுல் ஹாலோவை அழுத்தினால் அலகு வளையும், சரிவு கோணலாகும், அதற்குப் பிறகுதான் உண்மையான சேதம்.

பேஸ்ட் பூசிய வாரில் இந்தப் பிரச்சினை வராததற்கும் காரணம் இதுதான். தோல் அமுங்கி எழுவதால் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அது கூரை எட்டிவிடும். வூப்பர்கரையின் வழி புது ஆட்களுக்குப் பாதுகாப்பு என்பதை இந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன்.

அடைப்பம் (மதுரை)

டேப்பு ஒட்டுறது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பல. முதுகும் கூரும் சேந்து தேயணும்னுதான் அந்தக் கத்தியையே அப்படிச் செஞ்சிருக்கான். கூரு தேஞ்சு அகலம் கொறையும்போது முதுகும் தேஞ்சு கனம் கொறையும், கோணம் எப்பவும் ஒரே மாதிரி நிக்கும். டேப்ப ஒட்டி ஒட்டித் தீட்டினா முதுகு அப்படியே இருக்கும், அகலம் மட்டும் கொறையும். பத்து இருவது வருசத்துல கோணம் கூடிப்போகும். ஆனா ஏற்கெனவே டேப்புல தீட்டின கத்திக்கு டேப்புதான் வழி, அத மறுக்கல.

வூப்பர்கரை (ஜெர்மனி)

அடைப்பம் அண்ணை சொல்லுறது கணக்குக்குச் சரி. முதுகில பொன்முலாம், சித்திர வேலைப்பாடு உள்ள கத்தியளுக்கு மட்டும் நான் டேப் ஒட்டுவன். வேலைக்கெண்டு செய்த வெறும் கத்திக்கு இல்லை.

நொய்யல்காரன் (கோவை)

கேட்டேன். ஒரு சுற்று டேப் என்று விற்றவர் உடனே சொல்லிவிட்டார். முதுகில் லேசான தங்க வேலைப்பாடு இருப்பதால் ஒட்டியதாகச் சொன்னார்.

நேற்று இரவு செய்ததை அப்படியே எழுதுகிறேன். எலக்ட்ரிக் கடையில் புது டேப் வாங்கி, சுருக்கமோ காற்றுக் குமிழோ இல்லாமல் முதுகு நீளத்துக்கு ஒட்டினேன். மை பூசினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு இழுப்பு. இந்த முறை லென்ஸில் பார்த்தபோது கூரை ஒட்டிய கறுப்புக் கோடு அடியிலும் நடுவிலும் காணவில்லை. நுனியில் மட்டும் ஒரு சிறு துண்டு மை மிச்சம்.

மஞ்சள்கல்

அருமை. நுனியில் மிச்சம் இருப்பதற்குக் காரணம், பழைய கத்திகளில் கூர் நேர்கோடாக இருப்பதில்லை, லேசாகச் சிரித்த மாதிரி வளைந்திருக்கும். நேராக இழுத்தால் நுனி கல்லை விட்டு விலகும். கல்லின் இந்த மூலையில் அடிப்பகுதியோடு தொடங்கி, எதிர் மூலையில் நுனியோடு முடியும்படி சாய்வாக இழுங்கள். நடுவைத் தாண்டியதும் கைப்பிடியை மிக மிக லேசாக உயர்த்தினால் நுனி தானாகக் கல்லில் படியும். அந்த உயர்த்தல் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது, உங்கள் விரலுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மை முழுக்கப் போனதும் மை இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறிப் பதினைந்து இருபது இழுப்பு. கத்தியின் கனம் மட்டும். கடைசி ஐந்தில் அந்தக் கனத்தையும் பாதியாகக் குறைக்கப் பாருங்கள். தண்ணீரைக் கவனியுங்கள்: கூர் சரியாகப் படியும்போது கத்திக்கு முன்னால் தண்ணீர் ஒரு சின்ன அலையாகத் திரண்டு, கூரின் மேலேறி வழியும். முழு நீளத்துக்கும் அப்படி ஏறினால் முழு நீளமும் கல்லில் இருக்கிறது. கல் லேசாகப் பற்றி இழுக்கிற மாதிரி கைக்குத் தெரியும் போது நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போனால் பயன் இல்லை, கூரின் ஓரம் மெலிந்து சிதையும்.

டேப் இழுப்பில் தேயும். ஓட்டை விழுந்தால் உடனே மாற்றுங்கள்.

நொய்யல்காரன் (கோவை)

செய்தாயிற்று. தண்ணீர் ஏறி வழிவது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது புரியவில்லை, கல்லில் பார்த்ததும் புரிந்தது. முதலில் அடிப்பகுதியிலும் நடுவிலும் மட்டும் ஏறியது, நுனிப் பக்கம் தண்ணீர் கூருக்கு அடியில் நுழைந்து போனது. கைப்பிடியை நீங்கள் சொன்ன அளவுக்கு உயர்த்தியதும் அங்கேயும் ஏறியது. அதன்பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, துணியிலும் தோலிலும் போட்டுவிட்டுக் காலையில் சவரம். மேலுதட்டில் இழுவை இல்லை. மோவாய்க் குழியிலும் ஒரே தடவையில் போய்விட்டது. வெளிச்சத்தில் அந்த வெள்ளிக் கோடு இல்லை. நுனியின் கடைசி ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் மின்னுகிறது. அதை இப்போதைக்கு விட்டுவைக்கிறேன், அடுத்த முறை கல்லுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேஸ்ட் வாங்கப் போவதில்லை. இவ்வளவு குறைவான வேலையில் கல்லே சரிசெய்யுமென்றால் எனக்குக் கல் போதும்.

வூப்பர்கரை (ஜெர்மனி)

சந்தோஷம். நான் என்ர பேஸ்டோடயே இருக்கிறன், ஆனால் இந்த மார்க்கர் சோதனையைக் கல்லுக்குப் போற ஒவ்வொரு தரமும் செய்யப்போறன்.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

இழையை முழுக்கப் படித்தேன். என் கேள்வி கொஞ்சம் விலகியது, மன்னிக்கவும். எனக்கும் நுனியில் இழுவை. ஆனால் லென்ஸில் பார்த்தால் கூரை ஒட்டிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கடற்கரைக்குப் பக்கத்து வீடு, கத்தியைக் குளியலறை அலமாரியில்தான் வைக்கிறேன். இதே 12000 கல் முறை எனக்கும் பொருந்துமா?

நுண்ணோக்கி

முதலில் அந்த அலமாரியிலிருந்து எடுங்கள். புள்ளி துருதான். கூரின் ஓரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு குழி விழுந்தாலே பல்போல் உடையும். கத்தி மழுங்கியது முடியாலா துருவாலா என்று பல வீடுகளில் தெரிவதே இல்லை.

சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, முதுகிலிருந்து கூரை நோக்கி டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள், கூரின் குறுக்கே தேய்க்காதீர்கள். கைப்பிடி மடிப்புக்குள் தங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி, அங்கேயும் காகிதத்தை நுழைத்து எடுங்கள். காய்ந்த தோல்வாரில் பத்துத் தடவை, கூரில் ஒட்டிய ஈரம் அதில் போய்விடும். பிறகு கனிம எண்ணெய், தையல் மெஷினுக்குப் போடுவது போதும், ஒரு சொட்டு விரலில் எடுத்து அலகில் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகும். மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

மஞ்சள்கல்

கல்லைப் பொறுத்தவரை, புள்ளி கூரின் ஓரத்தையே தொட்டிருந்தால் 12000 போதாது. குழியின் ஆழம் வரைக்கும் இரும்பை எடுத்தால்தான் நல்ல கூர் வரும், அதற்கு 1000ல் சரிவைப் புதிதாகப் போட்டு, 3000, 5000, 8000 என்று ஏற வேண்டும். அது தட்டி எழுப்புகிற வேலை இல்லை, புதுக் கூர் போடுகிற வேலை. முதல் தடவை அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது, டேப் ஒட்டினாரா, எத்தனை சுற்று என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்துப் போட முடிந்தால் புள்ளி ஓரத்தைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அடைப்பம் (மதுரை)

இன்னொண்ணு, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கத்தி ஒரு ஆளுக்கு மட்டும். வீட்ல அண்ணன் தம்பி, அப்பா மகன்னு மாத்தி மாத்தி வைக்காதீங்க. எய்ட்ஸ் பத்தின விழிப்புணர்வு வந்ததுக்கப்புறம் சலூன்ல ஒவ்வொருத்தருக்கும் புது அரை பிளேடுன்னு மாறினது அதுக்குத்தான். கத்தியக் கொதிக்க வைக்கலாம், வாரக் கொதிக்க வைக்க முடியாது. ரத்தம் பட்ட கூரு அந்தத் தோலுலதான போய்ட்டு வருது.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

புரிந்தது அண்ணா. கத்தியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். படம் நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.